நெருப்புப் படாத பெட்டி

கையில் இருந்த நீலக்கல்லை அவர் வெயிலுக்கு ஒருமுறை காட்டினார், நிழலுக்கு ஒருமுறை காட்டினார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. "நெருப்புப் பட்டது" என்று கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொண்டுவந்தவருக்கு முகம் கறுத்துப்போனது. தன் மாமனாரின் குழியில் தானே இறங்கி எடுத்த கல் என்று சத்தியம் செய்தார்.

"குழியில எடுத்தது சரி. அதுக்குப் பொறகு எந்த அடுப்பில வெச்ச?"

வந்தவர் கல்லை மடித்த காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு பலாங்கொடை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பெல்மதுளைச் சந்தியில் நான் வேலை செய்த போட்டோகொப்பிக் கடை வாசலில் நடந்தது இது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். கொப்பி எடுத்த சூடான தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் பார்க்க இவரைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?

எங்கள் பக்கத்தில் மாணிக்கத் தரகர்களுக்குக் குறைவில்லை. இவர் மட்டும் தனி ரகம். மங்கலான கல்லை உலையில் வைத்து நிறம் ஏற்றுகிறார்களே, அதை விற்பதும் வாங்குவதும் இங்கே சாதாரணம். இவர் அதைத் தொடவே மாட்டார். கல் பொய்யில்லை, ஆனாலும் மனிதன் கைவைத்துவிட்டான், இனி அது என்ன சொன்னாலும் நம்ப முடியாது என்பார். முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில் சந்தியில் எல்லோருக்கும் அவர் நானாதான். பெயர் கேட்டால், "என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

என்னிடம் அடையாள அட்டை கொப்பி எடுக்க வருவார். கொப்பி கைக்கு வந்த பிறகும் போகமாட்டார்.

"மகள், அந்த மூடியத் தொறங்க பாப்பம்."

திறந்து காட்டுவேன். கண்ணாடிக்கு மேல் ஒன்றும் இல்லை.

"உள்ளுக்கு ஒரு கொப்பி நிக்காதா?"

"நிக்காதுங்க நானா."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்களா மெசின் செஞ்ச?"

தேத்தண்ணிக் கடையில் தன் கண் முன்னால் ஊற்றினால்தான் குடிப்பார். யாராவது போனில் கூப்பிட்டால், முதலில் தன் நம்பரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்வார். தவறான நம்பருக்கு எடுத்திருந்தால் அவர்களுக்கே தெரியட்டும் என்று. பஸ்ஸில் கண்டக்டர் "அங்க இடம் இருக்கு" என்று காட்டினால், அந்த இடத்தில் மட்டும் உட்காரமாட்டார்.

அப்படி ஒரு மனிதர்தான் எங்களுக்குத் தேவைப்பட்டார். காரணம் இதுதான். நானும் சித்தப்பா மகன் அன்டனியும் கோயில் கொயரில் பாடிய இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் கிட்டார், அன்டனி டிரம்ஸ். எங்கள் பங்குத் திருவிழாவில் மாலை நிகழ்ச்சிக்கு வருஷா வருஷம் வெளியூர் பேண்ட்தான் வரும். அந்த வருஷம் நான் ஃபாதரின் பின்னாலேயே திரிந்து, பத்து நிமிஷம் வாங்கிவிட்டேன். "பத்து நிமிஷம் நல்லா வந்தா அடுத்த வருஷம் முழுசும் உங்களுக்கே. வரலன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்" என்றார் ஃபாதர். ஆறு வாரம் இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே சத்தம். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்து ராக் பாட்டுகளில் வரும் கிட்டார்ச் சத்தம். தேயிலை ஃபெக்டரிக்கு மேலே இருக்கும் ரோட்டு வளைவில் மட்டும்தான் எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே குடையோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பைத்தியமாகியிருந்தேன். அந்தச் சத்தம் கிட்டாரில் இல்லை, ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இருக்கிறது என்று புரிய ஒரு வருஷம் போனது. இன்றைய டிரான்சிஸ்டர் பெட்டியை அளவுக்கு மீறித் திருப்பினால் கரகரவென்று அழும். பழைய வால்வுப் பெட்டி அளவு மீறும்போதுதான் பாடவே ஆரம்பிக்கும். அதனால் பெரிய பெட்டி உதவாது. நூறு வாட்ஸ் பெட்டியைப் பாடவைக்க வேண்டுமென்றால் கோயில் ஓடு பறக்கும். பதினைந்து, இருபது வாட்ஸில் ஒரு சின்ன வால்வுப் பெட்டி, அதுவும் இங்கிலாந்தில் செய்தது. நம் பிளக்கில் அப்படியே சொருகலாம். ஜப்பான் சாமான் என்றால் கரண்டை இறக்க வேறொரு டிரான்ஸ்போமர் வேண்டும்.

அன்டனிக்குப் பெரிய பெட்டியில்தான் ஆசை. "சின்னதா இருந்தா சனம் சிரிக்கும்டி" என்பான். அவனை அடக்கினேன். ஆனால் இணையத்தில் பார்த்ததெல்லாம் பயமாக இருந்தது. வெளியே இங்கிலாந்துப் பெயர், உள்ளே வேறு எதுவோ என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். எங்களுக்கு ஒரே ஒரு பெட்டிக்குத்தான் வழி. ஏமாந்தால் முடிந்தது.

நானாவிடம் விஷயத்தைச் சொன்னபோது போனை வாங்கி ஒரு காதில் வைத்தார். மறு காதைத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"இவன் எதுக்கு மெசினக் கெடுத்து வெச்சிக்கான்?"

"கெடுக்கலங்க. அதுதான் அந்தச் சத்தம்."

"கெட்டுப்போன சத்தத்த நல்ல சத்தம்னு செல்லி வித்திக்கான். கெட்டிக்காரன்." போனைத் திருப்பித் தந்தார். "எனக்குப் பாட்டு வெளங்கா மகள். ஆனா ஒரு சாமான்ல மனுசன் கைவெச்சிக்கானா இல்லையாண்டு நான் செல்லுவேன்."

"அது போதும் நானா."

"எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும்?"

"ஒண்டும் வாண்டாம். ஒண்டும் வாண்டாம்னு செல்ற ஆள நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று இரவு வரை அந்த வாக்கியம் உள்ளே உருண்டுகொண்டே இருந்தது. தரகர் என்றால் இரண்டு பக்கமும் பங்கு எடுப்பவர். எங்களிடம் வேண்டாம் என்றால், விற்பவரிடம் வாங்கிக்கொள்வாரோ?

முதல் பெட்டி கேகாலைக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீட்டில் இருந்தது. பெட்டிக்காரர் சிங்களவர். கொழும்பு ஹோட்டல்களில் வாசித்த அண்ணன் விட்டுப்போனது என்றார். ஒன்றையும் மறைக்கவில்லை. பின்பக்கப் பலகையை அவரே கழற்றிக் காட்டினார்.

நானா லென்ஸைக் கண்ணில் வைத்து உள்ளே தலையை நுழைத்தார். நானும் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஈய ஒட்டுகள் புதிதாக மினுமினுத்தன. தூசு படிந்த பழைய கம்பிகளுக்கு நடுவே நீல நிறத்தில் புதுக் கண்டென்சர்கள். வால்வுகளும் புதிது.

நானா தலையை வெளியே எடுத்தார். "நெருப்புப் பட்டது."

வீட்டுக்காரர் கிட்டார் வயரை என்னிடம் நீட்டினார். "கஹலா பலன்ன, நங்கி." வாசித்துப் பாரும்மா என்கிறார்.

"ஓன நே" என்று நானா கையை ஆட்டிவிட்டார். வேண்டாமாம்.

இங்கேதான் என் குற்றத்தையும் எழுதவேண்டும். நான் வயரை வாங்கவில்லை. தலையாட்டினேன். மினுமினுக்கும் அந்த ஒட்டுகளைப் பார்த்தவுடனே எனக்கும் மனம் விட்டுப்போயிருந்தது. இரத்தினபுரிப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு வேறெப்படி இருக்கும்? கைபடாததுதான் அசல். கைபட்டால் பாதி விலை, பாதி மரியாதை. பால் குடிக்கும்போதே காதில் விழுந்த கணக்கு அது. அன்டனியும் "வேலை செஞ்ச சாமான்டி, வேணாம்" என்றான். மூன்று பேரும் கேட்காமலேயே திரும்பினோம். கேட்பதற்காக வாங்கும் ஒரு பொருளை.

இரண்டாவது பெட்டி இரத்தினபுரிக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் பின்கட்டில் இருந்தது. விற்றவர் அந்தப் பங்களாவில் சமையல் செய்து ஓய்ந்த பெரியவர். தோட்டங்கள் அரசாங்கத்துக்குக் கைமாறிய காலத்தில் ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னத்துரை கொடுத்துவிட்டுப் போனதாம். துரை கையெழுத்துப் போட்ட கடிதமும் இருந்தது. நானா அந்தக் கடிதத்தையும் லென்ஸில் பார்த்தார்.

"மையப் பாக்குறீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"காய்தத்தப் பாக்குறேன். மை பொய் செல்லும்."

"நல்லா பாருங்க. நானும் அதே காலத்து ஆள்தான், என்னையும் வேணும்னா பாருங்க."

பின்பலகையின் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டுத்தான் கழற்ற முடிந்தது. உள்ளே தூசு ஒரு துணி போலப் படிந்திருந்தது. ஒரு ஒட்டுகூடப் புதிதில்லை. கண்டென்சர்கள் மங்கிப்போன மஞ்சள் நிறத்தில், செய்தபோது நின்ற இடத்திலேயே நின்றன. வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்மஸுக்கு ரேடியோவை அதில் மாட்டிக் கேட்பதோடு சரி என்றார் பெரியவர்.

நானாவின் முகத்தை அப்படி நான் முன்பின் பார்த்ததில்லை. குரல் இறங்கிவிட்டது. "பூமியிலிருந்து இப்பதான் எடுத்த மாதிரி ஈக்கு, மகள்."

பங்களாவில் இப்போது இருக்கும் பெரியதுரை பகல் தூக்கத்தில் இருந்தார். அதனால் சத்தக் குமிழை இரண்டுக்கு மேல் வைக்கப் பெரியவர் விடவில்லை. இரண்டிலேயே ஒரு கோர்ட் அடித்தேன். மணி போல வந்தது. கையெல்லாம் சிலிர்த்தது.

அதன்பின் நானா செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கல் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. விலை சொன்னவர் கல்லைக் காகிதத்தில் மடித்து, டேப் ஒட்டி, மேலே கையெழுத்து வைப்பார். பதில் வரும்வரை சொந்தக்காரர் அதைப் பிரித்து வேறு ஆளுக்குக் காட்டக்கூடாது. நானா பின்பலகையை மூடி, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் தன் கையெழுத்தைப் போட்டார். பெட்டியை நாங்கள் வாங்கி வேனில் ஏற்றிய பிறகும் டேப்பைக் கழற்ற விடவில்லை.

"இதத் தொறக்க வாணாம். தொறந்தா சாமான் போச்சு. ஒருத்தன் கையும் உள்ளுக்குப் போகப் படாது."

"நாங்க வாங்கினதுதானேங்க?"

"அதான் செல்றேன். வாங்கினவன்தான் முதல்ல கெடுப்பான்."

வீட்டுக்கு வந்ததும் அன்டனி சொன்னான், "உள்ள என்னமோ இருக்கு. இல்லன்னா எதுக்கு ஒட்டி வெக்கிறாரு?" அதற்குப் பிறகு அந்த நாலு கையெழுத்தும் பெட்டிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்ப்பது போல இருந்தது. திறந்து பார்க்கக் கை போகும். அசல் கெட்டுவிடுமே என்று பயத்தில் இழுத்துக்கொள்வேன். லயத்தில் வீடுகள் ஒட்டி வரிசையாக இருக்கும், சத்தமாக வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சுவரில் தட்டுவார். இரண்டிலும் மூன்றிலுமே பழகினோம்.

திருவிழா மாலை. கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பாட்டை மூன்றில் வைத்து முடித்தோம். கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டுக்கு நான் குமிழை ஆறுக்குத் திருப்பினேன். வந்தது. நான் வளைவில் குடைக்குள் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம், என் விரலிலிருந்து. உடைந்தும் உடையாமலும், தொண்டை கட்டிய ஒருவர் உச்சத்தில் பாடுவது போல. அன்டனி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். முன்வரிசையில் ஃபாதரின் கால் தாளம் போட்டது.

ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் கீழே ஓர் உறுமல் கிளம்பியது. கிட்டாரை விழுங்கிக்கொண்டு பெரிதானது. கருகல் வாசனை வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அன்டனி இன்னும் நாலு அடி தனியாக அடித்துவிட்டு நிறுத்தினான். வெளியூர் பேண்ட்காரர்கள் பக்கத்திலேயே தயாராக நின்றார்கள். எங்கள் வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் அவர்களுடைய பைலாப் பாட்டுக்கு மண்டபமே ஆட எழுந்துவிட்டது. ஃபாதர் என் தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை நானா கடைக்கு வந்தபோது அன்டனி காத்திருந்தான்.

"அந்தப் பெரியவர்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க நானா?"

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் அதே கேள்விதான். அன்டனி ஏற்கெனவே சந்தியில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தான். தரகனுக்கு முதல் என்று இருப்பது வாய்ச்சொல் மட்டும்தான் என்பது தெரிந்தும் சொல்லியிருந்தான்.

நானா கோபப்படவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதக் கேக்க ஒங்களுக்கு இவ்வளவு நாள் போச்சா? நான் ஒங்க எடத்துல ஈந்தா மொத நாளே கேட்டிப்பேன்." பிறகு, "பெட்டியத் தூக்குங்க. என் முன்னுக்குத் தொறக்கணும். ஆள நீங்களே தெரிவு செய்யுங்க, நான் சென்னா கூட்டுண்டு செல்லுவீங்க" என்றார்.

நாங்கள் தெரிவு செய்தது சந்தைக்குப் பின்னால் ரேடியோ திருத்தும் சிங்களவரை; தொழில் தெரிந்தவர் என்று எல்லோரும் அவரைப் பாஸ் என்பார்கள். அவர் திருப்புளியைக் கையில் எடுத்ததும், "பொறுங்க" என்று நானா முன்னால் வந்தார். லென்ஸை மாட்டி, தன் நாலு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் இடையில் திறந்து ஒட்டியிருப்போமோ என்று! அன்டனிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "இவரு நம்மளச் சந்தேகப்படுறாருடி!" நானா திரும்பியும் பார்க்கவில்லை. திருப்தியான பிறகு தன் பேனாக்கத்தியாலேயே டேப்பை அறுத்தார்.

பாஸ் விளக்கை உள்ளே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மேக்கட்ட கவுருவத் அத்த கஹலா நே" என்றார். இதில் ஒருத்தரும் கைவைத்ததில்லையாம்.

"கேட்டீங்களா?" என்றார் நானா எங்களிடம். அந்த ஒரு நொடி அவர் வென்றிருந்தார்.

"அதுதான் வருத்தம்" என்று பாஸ் தமிழுக்கு வந்தார். கண்டென்சர் ஒன்றை விரலால் காட்டினார். மஞ்சள் உறை வெடித்துப் பிசின் போல ஏதோ வடிந்திருந்தது. "இது கல் இல்ல நானா. இதுக்குள்ள இருக்கிறது காஞ்சி போகும். இருபது வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். யாரும் மாத்தல்ல. சத்தத்தக் கூட்டினா தாங்குமா? மாத்தின பெட்டியத்தான் தேடி வாங்கணும்."

கேகாலையில் மினுமினுத்த ஒட்டுகள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. யாரோ ஒருவர் அந்தப் பெட்டியை எவ்வளவு அன்பாகப் பார்த்து வைத்திருந்திருக்கிறார். நாங்கள் அதைக் கேட்கக்கூட இல்லை.

நானா வெடித்த கண்டென்சரை லென்ஸில் பார்த்தார். பத்து நொடியில் முடிவு சொல்லும் மனிதர், ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்த்தார். பிறகு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு என் காதருகில் சொன்னார்: "இந்தாளுக்குப் புதுக் கண்டென்சர் விக்கணும். அதையும் யோசிங்க."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அவர் குரலில் வழக்கமான பிடி இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒருவர் கடை வாசலில் அவரிடம் ஒரு கல்லைக் கொடுத்தார். நானா வெயிலுக்குக் காட்டினார், நிழலுக்குக் காட்டினார். லென்ஸை எடுக்கவில்லை. "எனக்கு வெளங்கல்ல. வேற ஆளுக்குக் காட்டுங்க" என்று கொடுத்துவிட்டார். சந்தியில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்டனியின் பேச்சால் வந்ததா, பாஸின் பேச்சால் வந்ததா, தெரியாது. அந்த மாதமே பேருவளையில் இருக்கும் மகளிடம் போய்விட்டார் என்றார்கள். சொல்லிக்கொள்ளவில்லை. எப்போது போகிறோம், எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்?

நான் பங்களாப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "அவரா? அஞ்சு சதம் வாங்கல பாப்பா. ஒரு டீ குடுத்தேன், அதையும் என்னைய மொதல்ல குடிக்கச் சொன்னாரு" என்றார். நான் நம்பினேன். லயத்துக்கு வந்து சொன்னதும் அன்டனி, "ரெண்டு பேரும் கூட்டுன்னா வேற எப்பிடிச் சொல்லுவாரு?" என்றான். பாதி ராத்திரிக்கு எனக்கும் அது சரி போலவே பட்டது. அவர் எங்களிடம் விட்டுப்போனது அந்தப் பெட்டி மட்டுமில்லை. இன்றைக்கும் கடையில் பால் பக்கெட் வாங்கினால் மேலே அடித்திருக்கும் திகதியைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, இந்தத் திகதியை யார் அடித்தது என்று யோசிக்கிறேன்.

மூன்று வருஷம் ஆசிரியர் கல்லூரியில் போனது. பெட்டி லயத்தில் ஒரு போர்வைக்கு அடியில் கிடந்தது. அன்டனி அதை அப்படியே, கைபடாத சாமான் என்று கொழும்பில் விற்கலாம் என்றான். இங்கிலாந்துப் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்களாம். நான் விடவில்லை. அந்த ஒரு நிமிஷச் சத்தம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த வருஷம் பங்குக்குப் புது ஃபாதர் வந்திருக்கிறார். பழைய கதை அவருக்கும் தெரியும். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பத்து நிமிஷம் தருவதாக ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு அவரே மண்டபத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்பார்.

கொழும்பிலிருந்து புதுக் கண்டென்சர்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை காலையில் நானே மாற்றப்போகிறேன். பாஸ் பக்கத்தில் நிற்பார், கை வைக்கமாட்டார். அப்படித்தான் பேச்சு. முதலில் உள்ளே தேங்கியிருக்கும் கரண்டை வடிய விடவேண்டும், பிறகுதான் பழையதை அறுக்கவேண்டும். ஈயம் வைத்துப் பழக ஒரு உடைந்த ரேடியோவையே தின்று தீர்த்திருக்கிறேன். ஃபாதர் கேட்கும் அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தின் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, குமிழை நேராக ஆறில் வைத்து ஆரம்பிப்போம். தாங்கினால் எட்டு. நின்றுபோனால், இந்தத் தடவை குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை.